பள்ளிக் கல்வியில் மேரி மக்கிலொப்பின் மரபு

மேரி மக்கிலொப் (சனவரி 15, 1842 – ஆகஸ்ட் 8, 1909) ஆஸ்திரேலியாவில் பிறந்த கத்தோலிக்க அருட்சகோதரியும் கல்வியாளரும் ஆவார். இவர் ஜூலியன் டெனிசன் வூட்ஸ் என்னும் குருவுடன் இணைந்து புனித யோசேப்பு சகோதரிகள் சபையை நிறுவி, ஏழைக் குழந்தைகளுக்கும் உள்நாட்டுப் பகுதிகளில் வாழ்ந்த குழந்தைகளுக்கும் பள்ளிகளை ஏற்படுத்தினார். அக்டோபர் 17, 2010 அன்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் இவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். இப்பட்டம் பெற்ற முதல் ஆஸ்திரேலியர் இவரே.

பள்ளி மாணவர்களுக்கான வாழ்க்கை வரலாற்று நூல்கள், கடிதத் தொகுப்புகள், அருங்காட்சியகங்கள், திரைப்படம், மொழிப் பாடநூல்கள் ஆகிய பல வழிகளில் இவரது மரபு எடுத்துச் சொல்லப்படுகிறது. இவர் தம் திருச்சபையின் ஆயராலேயே ஒரு காலத்தில் சபைநீக்கம் செய்யப்பட்டவர் என்பதால், அவ்வரலாற்றை மாணவர்களுக்கு எவ்வாறு கூறுவது என்பது இப்பாடப்பொருள்களின் முதன்மையான சிக்கலாக உள்ளது.

வாழ்க்கைச் சுருக்கம்

மக்கிலொப் மெல்பேர்ண் நகரின் பிட்ஸ்ராய் பகுதியில் பிறந்தார். பெற்றோர் இசுக்கொட்லாந்திலிருந்து குடியேறியவர்கள். எட்டுக் குழந்தைகளில் இவரே மூத்தவர். தந்தையின் தொழில் நொடித்ததால் குடும்பம் அடிக்கடி வீடு மாறியது. இவர் 14 வயதிலேயே வேலைக்குச் சென்று குடும்பத்தைத் தாங்க வேண்டியதாயிற்று. 1860இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் பெனோலா என்னும் சிற்றூரில் உறவினர் வீட்டுக் குழந்தைகளுக்கு ஆசிரியையாகச் சேர்ந்தார். அவ்வீட்டுக் குழந்தைகளோடு சுற்றுப்புறத்து ஏழைக் குழந்தைகளையும் சேர்த்துக் கற்பித்தார். அங்குதான் பங்குக் குருவான டெனிசன் வூட்ஸைச் சந்தித்தார்.

1866இல் இருவரும் பெனோலாவில் பயன்படாமல் கிடந்த குதிரை லாயம் ஒன்றில் பள்ளியைத் தொடங்கினர். மக்கிலொப்பின் சகோதரர் அக்கட்டடத்தைப் பழுதுபார்த்துக் கொடுத்தார். 50க்கும் மேற்பட்ட குழந்தைகள் அங்கு பயின்றனர். 1867இல் மக்கிலொப் அடிலெயிட் நகருக்குச் சென்று துறவற வாக்குறுதி அளித்தார். அடுத்த சில ஆண்டுகளில் சபை விரைவாக வளர்ந்தது. 1871ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 130 சகோதரிகள் தெற்கு ஆஸ்திரேலியாவிலும் குயின்ஸ்லாந்திலும் 40க்கும் மேற்பட்ட பள்ளிகளிலும் அறநிலையங்களிலும் பணியாற்றினர்.

1871இல் சபைநீக்கம் செய்யப்பட்ட மக்கிலொப், 1872இல் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார். 1873இல் ரோம் சென்று திருத்தந்தை ஒன்பதாம் பயசைச் சந்தித்துச் சபையின் ஒழுங்குகளுக்கு ஒப்புதல் கோரினார். 1875இல் சபையின் தலைமை அன்னையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1883இல் அடிலெயிட் ஆயருடன் ஏற்பட்ட பிணக்கினால் அந்நகரை விட்டு சிட்னிக்குச் செல்ல நேர்ந்தது. 1888இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ சபைக்கு ஒப்புதல் வழங்கினார். 1899இல் மக்கிலொப் மீண்டும் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1902இல் நியூசிலாந்தில் பக்கவாதத்தால் தாக்குண்ட பின்னரும் பணியைத் தொடர்ந்து, 1909இல் வடக்கு சிட்னியில் காலமானார்.

பள்ளிகள் தோன்றிய சூழல்

மக்கிலொப்பின் மரபை விளக்கும் பாடங்கள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டுக் குடியேற்ற நாடுகளின் கல்வி நிலையிலிருந்து தொடங்குகின்றன. தெற்கு ஆஸ்திரேலியா 1851இல் மத அமைப்புகளுக்கான அரசு உதவியை நிறுத்தியது. விக்டோரியாவின் 1872ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இலவசமான, கட்டாயமான, சமயச் சார்பற்ற கல்வியை ஏற்படுத்தியது. நியூ சவுத் வேல்சில் 1880ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து சமயப் பள்ளிகளுக்கான அரசுப் பணம் நின்றது. இதனால் சம்பளம் பெறும் ஆசிரியர்களைக் கொண்டு கத்தோலிக்கப் பள்ளிகளை நடத்துவது கடினமாயிற்று. குறைந்த செலவில் எளிமையாக வாழ்ந்து கற்பிக்கும் அருட்சகோதரிகள் அந்த இடத்தை நிரப்பினர்.

ஐரோப்பியத் துறவற சபைகள் பலவும் பெரிய மடங்களில் கூடி வாழும் வழக்கம் உடையவை. அவை நகரங்களில் பள்ளி நடத்தின. மக்கிலொப்பின் சகோதரிகள் இருவர் அல்லது மூவராகச் சிறு வீடுகளில் தங்கி, பண்ணைகள், சுரங்க ஊர்கள், இருப்புப்பாதைத் தொழிலாளர் குடியிருப்புகள் ஆகிய இடங்களுக்குச் சென்றனர். கட்டணம் செலுத்த இயலாத குழந்தையைத் திருப்பி அனுப்புவதில்லை என்பது இவர்களின் கொள்கை. செல்வர் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி என்னும் பிரிவினையை இவர்கள் ஏற்கவில்லை. வாசிப்பு, எழுத்து, கணக்கு, சமயக் கல்வி ஆகியவற்றோடு அன்றாட வாழ்வுக்கு வேண்டிய கைத்திறன்களும் கற்பிக்கப்பட்டன. சகோதரிகள் பழுப்பு நிற உடை அணிந்ததால் மக்கள் அவர்களை 'பிரவுன் ஜோயிஸ்' என்று செல்லமாக அழைத்தனர்.

பாடப்பொருள்களின் வகைகள்

வாழ்க்கை வரலாறுகள்

இயேசு சபைக் குருவான பால் கார்டினர் எழுதிய விரிவான வாழ்க்கை வரலாறு 1993இல் வெளிவந்தது. புனிதர் பட்டத்துக்கான விசாரணைக்காகத் திரட்டப்பட்ட ஆவணங்களை அடிப்படையாகக் கொண்ட இந்நூல் பெரியவர்களுக்கானது. எனினும் பின்னர் வந்த பல எளிய நூல்களுக்கும் பாடக் குறிப்புகளுக்கும் இது ஆதாரமாக விளங்குகிறது. தொடக்கநிலை மாணவர்களுக்கான படக்கதைகளில் குதிரை லாயப் பள்ளி முதன்மையான காட்சியாக அமைகிறது. குழந்தைகள் தங்கள் வகுப்பறையோடு அதனை எளிதில் ஒப்பிட்டுப் பார்க்க முடிவதே இதற்குக் காரணம்.

கடிதங்கள்

மக்கிலொப் வாழ்நாள் முழுவதும் ஏராளமான கடிதங்கள் எழுதினார். தாய் புளோராவுக்கும், தொலைவான ஊர்களில் பணியாற்றிய சகோதரிகளுக்கும், ஆயர்களுக்கும் எழுதப்பட்டவை பாதுகாக்கப்பட்டுத் தொகுப்புகளாக வெளியிடப்பட்டுள்ளன. 1873இல் ரோமிலுள்ள அதிகாரிகளுக்காக இவர் எழுதிய விளக்க ஆவணம் இவற்றுள் குறிப்பிடத்தக்கது. ஐரோப்பாவில் பொருத்தமாக இருக்கும் ஒழுங்கு, தொலைவும் வறுமையும் மிகுந்த ஆஸ்திரேலியாவுக்குப் பொருந்தாது என்று அதில் வாதிட்டார். தம்மை ஓர் ஆஸ்திரேலியர் என்றே அடையாளப்படுத்திக் கொண்டார். ஆஸ்திரேலியக் கூட்டமைப்பு 1901இல்தான் உருவானது என்பதால், அதற்கு ஏறத்தாழ 28 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இவ்வரிகள் வரலாற்று வகுப்பிலும் பயன்படக் கூடியவை.

கடிதம் ஒன்றை மூல ஆவணமாகப் படிக்கும் மாணவர் எழுதியவர் யார், யாருக்கு, எப்போது, எந்த ஊரிலிருந்து எழுதினார் என்பதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். எழுதியவருக்கு அப்போது எது தெரியும், எது தெரியாது என்பது அடுத்த வினா. தாய்க்கு எழுதிய கடிதத்தின் தொனியும் ஆயருக்கு எழுதிய கடிதத்தின் தொனியும் வேறுபடுவதைக் கண்டறிவது நல்ல பயிற்சியாகும்.

இடங்கள்

பெனோலாவில் 1867இல் கட்டப்பட்ட கல் பள்ளிக்கூடம் இன்றும் உள்ளது. அதனை அடுத்து விளக்க மையம் ஒன்று இயங்குகிறது. வடக்கு சிட்னியின் மவுண்ட் வீதியில் அமைந்துள்ள 'மேரி மக்கிலொப் பிளேஸ்' வளாகத்தில் அருங்காட்சியகமும், இவரது கல்லறை அமைந்த சிற்றாலயமும் உள்ளன. பள்ளிக் குழுக்கள் இவ்விடங்களுக்குக் கல்விச் சுற்றுலா வருகின்றன.

திரைப்படம்

கே பாவ்லூ இயக்கத்தில் லூசி பெல் நடித்த 'மேரி' என்னும் ஆவண நாடகப் படம் 1994இல் வெளிவந்தது. 1995 சனவரி 19 அன்று சிட்னியின் ராண்ட்விக் குதிரைப் பந்தயத் திடலில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இவருக்கு அருளாளர் பட்டம் அளித்தார். அதனை ஒட்டிய ஆண்டுகளில்தான் இவரைப் பற்றிய நூல்களும் பிற படைப்புகளும் பெருகின.

பாடத்திட்டத்தில் இடம்

மக்கிலொப் இருவேறு பாடங்களில் இடம்பெறுகிறார். கத்தோலிக்கப் பள்ளிகளின் சமயக் கல்வியில் இவர் புனிதராகவும் முன்மாதிரியாகவும் அறிமுகமாகிறார். ஆகஸ்ட் 8 இவரது திருவிழா ஆகும். ஆஸ்திரேலியத் தேசியப் பாடத்திட்டத்தின் 5ஆம் ஆண்டு வரலாற்றுப் பாடம் 19ஆம் நூற்றாண்டுக் குடியேற்ற நாடுகளைப் பற்றியது. குடியேற்ற நாடு ஒன்றை உருவாக்குவதில் பங்காற்றிய தனிமனிதர் அல்லது குழுவை ஆராய்வது அதன் ஒரு பகுதி. இதில் அரசுப் பள்ளி மாணவரும் மக்கிலொப்பைத் தேர்ந்தெடுக்கலாம்.

இவ்விரண்டின் நோக்கமும் வேறு. சமயக் கல்வியில் புதுமைகள், செபம், நம்பிக்கை ஆகியவை பேசப்படுகின்றன. வரலாற்று வகுப்பில் சான்றும் காரணமும் விளைவும் கேட்கப்படுகின்றன. புனிதர் பட்டத்துக்காகத் திருச்சபை இரண்டு குணமடைதல்களைப் புதுமைகளாக ஏற்றுக்கொண்டது. திருச்சபை அவ்வாறு ஏற்றது என்பது வரலாற்றுத் தகவல். அவை புதுமைகளே என்பது நம்பிக்கை சார்ந்த கூற்று. நல்ல பாடக் குறிப்பு இவ்வேறுபாட்டை மாணவருக்குத் தெளிவாக்க வேண்டியிருக்கிறது.

சபைநீக்கத்தைக் கற்பித்தல்

நிகழ்வு

புனித யோசேப்பு சகோதரிகள் சபை தன் தலைமை அன்னையின் நேரடி ஆளுகையில் இருக்க வேண்டும் என்பது மக்கிலொப்பின் நிலைப்பாடு. தங்கள் மறைமாவட்டத்தில் உள்ள சகோதரிகள் தங்கள் ஆளுகையில் இருக்க வேண்டும் என்று ஆயர்கள் சிலர் கருதினர். இத்துடன் சபையின் கடன் சுமையும், சகோதரிகளின் கல்வித் தகுதி பற்றிய குறைகளும், டெனிசன் வூட்ஸ் மீது குருக்கள் சிலர் கொண்டிருந்த மனக்கசப்பும் சேர்ந்தன.

மற்றொரு காரணமும் உண்டு. கபுண்டா என்னும் ஊரில் குரு ஒருவர் குழந்தைகளிடம் பாலியல் முறைகேடாக நடந்துகொண்டதைச் சகோதரிகள் 1870இல் திருச்சபை அதிகாரிகளிடம் தெரிவித்தனர். அக்குரு அங்கிருந்து அகற்றப்பட்டார். அவருடன் பணியாற்றிய சார்ல்ஸ் ஹோரன் என்னும் குரு சகோதரிகள் மீது பகை கொண்டார். பின்னர் ஹோரன் அடிலெயிட் ஆயர் லாரன்ஸ் ஷீலிடம் செல்வாக்குப் பெற்றபோது, சபையின் ஒழுங்குகளை மாற்றும்படி ஆயரைத் தூண்டினார்.

செப்டம்பர் 22, 1871 அன்று கீழ்ப்படியாமை என்னும் குற்றச்சாட்டில் ஆயர் ஷீல் மக்கிலொப்பைச் சபைநீக்கம் செய்தார். அப்போது இவருக்கு வயது 29. சபைநீக்கம் என்பது திருவருட்சாதனங்களைப் பெறுவதிலிருந்து ஒருவரை விலக்கும் தண்டனையாகும். சகோதரிகள் பலர் சபையை விட்டு வெளியேற்றப்பட்டனர். பள்ளிகளில் பெரும்பாலானவை மூடப்பட்டன. வீடின்றி நின்ற சகோதரிகளுக்கு யூத வணிகரும் நாடாளுமன்ற உறுப்பினருமான இமானுவேல் சாலமன் வாடகையின்றி வீடு கொடுத்தார். இயேசு சபைக் குருக்களும் உதவினர். மரணப் படுக்கையில் இருந்த ஆயர் ஷீலின் ஆணைப்படி 1872 பெப்ரவரி 21 அன்று தண்டனை நீக்கப்பட்டது. மார்ச் 1 அன்று ஆயர் இறந்தார். அதன் பின் நடந்த ஆயர்களின் விசாரணை மக்கிலொப்பைக் குற்றமற்றவர் எனக் கண்டது. 2009இல் அடிலெயிட் பேராயர் பிலிப் வில்சன் இத்தண்டனைக்காகச் சகோதரிகளிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கோரினார்.

பாடப்பொருள்களில் காணப்படும் போக்குகள்

பழைய பக்தி நூல்களின் வழியில் எழுதப்படும் சிறுவர் வரலாறுகள் இந்நிகழ்வை ஒரு தவறான புரிதல் என்று சில வரிகளில் கடந்துவிடுவதுண்டு. இதனால் மாணவருக்கு இரண்டு இழப்புகள் ஏற்படுகின்றன. தண்டனையின் காரணம் மறைவதால் மக்கிலொப்பின் உறுதி எதற்காக என்பது விளங்குவதில்லை. உதவியவர்களின் கதையும் சேர்ந்து மறைகிறது. யூதரான சாலமனும், சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்த தோழி ஜொவானா பார் சிமித்தும் மக்கிலொப்பின் வாழ்வில் பெற்ற இடம், பல சமய மாணவர்கள் பயிலும் வகுப்பறையில் தனி மதிப்புடையது.

இதற்கு எதிரான மிகைப்படுத்தலும் உண்டு. 2010இல் கபுண்டா நிகழ்வு ஊடகங்களில் பரவலாகப் பேசப்பட்டபோது, குற்றத்தை வெளிப்படுத்தியதற்காகவே மக்கிலொப் தண்டிக்கப்பட்டார் என்று பலர் எழுதினர். புகார் அளித்தவர்கள் சகோதரிகள். மக்கிலொப் தாமே புகார் கொடுத்ததாகக் காட்டும் சான்று இல்லை. அந்நிகழ்வு பல காரணங்களுள் ஒன்று. ஒரே காரணம் அன்று. ஒரு நிகழ்வுக்குப் பல காரணங்கள் இருக்கலாம் என்பதையும், செய்தித் தலைப்பு சொல்வதும் ஆவணம் சொல்வதும் வேறுபடலாம் என்பதையும் மேல்வகுப்பு மாணவருக்குக் காட்ட இது தக்க எடுத்துக்காட்டாகும்.

வயதுக்கேற்ப விளக்கும் முறையும் கருதப்பட வேண்டியது. தொடக்கநிலையில், அதிகாரத்தில் இருந்தவர் தவறான முடிவு எடுத்தார், பின்னர் அது திருத்தப்பட்டது என்று கூறுவது பொய்யாகாது. நடுநிலையில் சபையின் ஆளுகை பற்றிய பிணக்கைச் சேர்க்கலாம். மேல்நிலையில் கபுண்டா நிகழ்வை முழுமையாகப் பேசலாம். ஒவ்வொரு நிலையிலும் சொல்லப்படுவது அடுத்த நிலையில் மறுக்க வேண்டியதாக இல்லாமல், விரிவாக்கத்தக்கதாக இருப்பதே இம்முறையின் அடிப்படை.

ஆஸ்திரேலியாவில் நிறுவனங்களில் நிகழ்ந்த சிறார் பாலியல் கொடுமைகள் குறித்து 2013 முதல் 2017 வரை அரசு ஆணையம் விசாரித்தது. கத்தோலிக்க நிறுவனங்களும் அவ்விசாரணைக்கு உட்பட்டன. அதன் பின் இப்பாடம் பழங்கால நிகழ்வாக மட்டும் படிக்கப்படக் கூடியதாக இல்லை. குழந்தைக்கு நேர்ந்த தீங்கை ஒருவர் தெரிவிக்கும்போது அதனைக் கேட்பவர் என்ன செய்ய வேண்டும் என்னும் வினாவை அது எழுப்புகிறது.

கிழக்குத் திமோரில் மொழிப் பாடநூல்கள்

மக்கிலொப்பைப் பற்றிய பாடநூல்களைத் தவிர, அவரது நோக்கத்தைப் பின்பற்றி உருவான பாடநூல்களும் உள்ளன. இவற்றுள் கிழக்குத் திமோரின் தெத்தும் மொழி நூல்கள் முக்கியமானவை.

போர்த்துக்கேயக் குடியேற்ற நாடாக இருந்த கிழக்குத் திமோரை 1975 டிசம்பரில் இந்தோனேசியா ஆக்கிரமித்தது. பள்ளிகளில் இந்தோனேசிய மொழி பயிற்று மொழியாயிற்று. மக்களிடையே பரவலாகப் பேசப்பட்ட தெத்தும் மொழிக்குப் பள்ளியில் இடமில்லை. கத்தோலிக்கத் திருச்சபை 1980களில் அம்மொழியை வழிபாட்டில் பயன்படுத்தத் தொடங்கியது. டிலி நகரின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஆயர் கார்லோஸ் பெலோவின் வேண்டுகோளை ஏற்று, சிட்னியில் புனித யோசேப்பு சகோதரிகள் 1994இல் மேரி மக்கிலொப் கிழக்குத் திமோர் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினர். மொழியியலாளர் ஜெப்ரி ஹல்லின் துணையுடன் அந்நிறுவனம் தெத்தும் மொழியில் தொடக்கநிலை எழுத்தறிவு நூல்களை உருவாக்கியது.

1999 பொது வாக்கெடுப்பில் மக்கள் விடுதலைக்கு வாக்களித்ததைத் தொடர்ந்து எழுந்த வன்முறையில் நாட்டின் பெரும்பாலான பள்ளிக் கட்டடங்கள் அழிந்தன. 2002இல் கிழக்குத் திமோர் விடுதலை பெற்றபோது, அரசியலமைப்பு தெத்தும், போர்த்துக்கேயம் ஆகிய இரண்டையும் ஆட்சி மொழிகளாக அறிவித்தது. கல்விப் பணிகள் பின்னர் 'மேரி மக்கிலொப் டுடே' என்னும் அமைப்பின் வழியாகத் தொடர்ந்தன. இந்நூல்களைப் படித்து எழுத்தறிந்த குழந்தைக்கு மக்கிலொப் யார் என்று தெரிந்திருக்க வேண்டிய தேவையில்லை. பள்ளி எட்டாத குழந்தையிடம் பள்ளியைக் கொண்டு செல்வது என்னும் பெனோலா நோக்கம் இங்கு மொழியின் வழியே தொடர்ந்தது.

இவ்வரலாற்றுக்கும் ஒரு பின்குறிப்பு தேவைப்படுகிறது. 1996இல் நோபல் அமைதிப் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஆயர் பெலோ மீது சிறார் பாலியல் கொடுமைக் குற்றச்சாட்டுகள் 2022இல் வெளியாயின. 2020 முதலே அவர்மீது கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டிருந்ததை வத்திக்கான் உறுதிப்படுத்தியது. ஆகவே, திமோர் நூல்களைப் பற்றிக் கூறும் புதிய பாடப்பொருள்கள் இத்தகவலைத் தவிர்க்க இயலாது. கபுண்டா நிகழ்வுக்குப் பொருந்தும் நேர்மை இதற்கும் பொருந்தும்.

பிற கருத்துகள்

மக்கிலொப்பை மட்டும் முன்னிறுத்தும்போது டெனிசன் வூட்ஸின் பங்கு மங்கிவிடுகிறது என்பது மற்றொரு குறையாகும். சபையின் தொடக்ககால ஒழுங்குகளை எழுதியவரும், அடிலெயிட் மறைமாவட்டக் கத்தோலிக்கக் கல்விக்குப் பொறுப்பாக இருந்தவரும் அவரே. அவர் புவியியலிலும் இயற்கை வரலாற்றிலும் அறிஞர். ரோமில் செய்யப்பட்ட மாற்றங்கள் சபையின் கடுமையான ஏழ்மை ஒழுங்கைத் தளர்த்தியதாக அவர் கருதியதால் இருவரிடையே பிளவு ஏற்பட்டது. எனினும் 1889இல் அவர் இறந்த பின் மக்கிலொப் அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதினார். கருத்து வேறுபட்ட ஒருவரைப் பற்றி மதிப்போடு எழுதுவதற்கு அந்நூலை ஆசிரியர்கள் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

பெயரின் பயன்பாட்டுக்கும் வரம்பு உண்டு. புனிதர் பட்டத்தை ஒட்டி, மக்கிலொப்பின் பெயரை வணிக நிறுவனங்கள் பயன்படுத்துவதை ஆஸ்திரேலிய அரசு ஒழுங்குவிதி ஒன்றின் மூலம் கட்டுப்படுத்தியது. தனிமனிதர் ஒருவரின் பெயருக்கு இத்தகைய பாதுகாப்பு அந்நாட்டில் மிக அரிது. அதற்கு முன் துடுப்பாட்ட வீரர் டொனால்ட் பிராட்மனின் பெயருக்கு அது அளிக்கப்பட்டிருந்தது. பெயர் பாதுகாக்கப்பட்டாலும் அவரது வரலாறு ஆய்வுக்கும் விவாதத்துக்கும் திறந்தே உள்ளது. கடிதங்களும் விசாரணை ஆவணங்களும் அச்சில் கிடைப்பதால், தமக்குக் கூறப்பட்ட கதையை மாணவர்கள் தாமே சரிபார்க்க இயலும்.